பத்தாம் நாள் காய்ச்சல்

பேரையூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மூன்றாவது கீமோ ஏற்றிக்கொண்டு வந்தபின் ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தார். பத்தாம் நாள் ராத்திரி காய்ச்சல். மதுரைக்குக் கொண்டுபோனால் உடனே சேர்த்துக்கொண்டு ஆறு நாள் வைத்துவிட்டார்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரில் பேசுகிறார்கள். ஏற்றிய அன்று ஒன்றும் ஆகாமல், பத்து நாள் கழித்து எப்படி?"

ஊரார் சொல்வதை விடுங்கள். அந்த 'பத்து நாள் கழித்து' என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கிருமியைக் கண்டதும் முதலில் ஓடிப்போய் விழுங்குவது நியூட்ரோபில் என்ற வெள்ளையணு. எலும்பு மஜ்ஜை இதை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி செய்து தள்ளுகிறது. அத்தனையும் அற்பாயுசு. ஆகவே உற்பத்தி ஒரு நாளும் நிற்கக்கூடாது.

மதுரைப் பரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மத்தியானமே மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிடுவார்கள். மஜ்ஜையும் அப்படித்தான்: செல்கள் பிரிந்து பெருகுவது ஒரு கட்டம், பெருகியவை ஐந்தாறு நாள் ஊறி முதிர்வது அடுத்த கட்டம். கீமோ மருந்து பெரும்பாலும் பிரிந்துகொண்டிருக்கும் செல்லைத்தான் அடிக்கும். அதாவது பிசைகிறவரை விரட்டிவிடுகிறது. துணிக்கடியில் இருக்கும் உருண்டைகளைத் தொடுவதில்லை. வியாபாரம் வழக்கம்போல் நடக்கிறது. அம்மாவும் நன்றாக இருக்கிறார். இருப்பு தீர்ந்து தட்டு காலியாகும்போதுதான் தெரியும், அடியில் ஒன்றுமில்லை என்று. பல மருந்துகளுக்கு இது ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் வரும்.

உங்கள் அம்மாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மொத்த வெள்ளையணு 900, அதில் நியூட்ரோபில் 20 சதவீதம் என்று இருந்தால் கணக்கு 180. 500-க்குக் கீழே போனாலே மருத்துவர்கள் பதறுவார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். சீழ் என்பது பெரும்பாலும் செத்த நியூட்ரோபில்தான். கடைக்குப் பின்னால் குவிகிற எச்சில் இலை மாதிரி. பரோட்டாவே இல்லாத ராத்திரியில் இலை ஏது? குவியல் இல்லை என்பதால் கூட்டமே வரவில்லை என்று சொல்லிவிட முடியுமா? கூட்டம் வாசலில் நிற்கிறது, பசியோடு, கடையை உடைக்கப்போகிறது. (ஒப்புமை எல்லை மீறுகிறது, தெரியும். சால்னா எது என்று யாரும் கேட்க வேண்டாம்.) நியூட்ரோபில் இல்லாத உடம்பில் புண் பெரும்பாலும் சீழ் பிடிக்காது, அதிகம் சிவந்து வீங்காது, நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியலாம். பல நேரம் மிஞ்சுகிற ஒரே மணி காய்ச்சல். அதை அடிப்பது வேறு ஆள்: கல்லீரலிலும் நுரையீரலிலும் குடியிருக்கும் மேக்ரோபேஜ் செல்கள். நீண்ட ஆயுள் என்பதால் பலவும் கீமோவுக்குத் தப்பிவிடுகின்றன. அவை அனுப்பும் சேதிதான் மூளைக்குப் போய்ச் சூட்டை ஏற்றுகிறது. பாராசிட்டமால் போட்டுப் படுக்கவைத்தால் அந்த மணியின் நாக்கையும் கட்டிவிட்டோம்.

வெள்ளையணு குறையக் குறையத் தொற்று கூடுவதைக் கணக்குப்போட்டுக் காட்டியவர் மருத்துவர் ஜெரால்ட் போடி, 1966-இல். எந்தக் கிருமி என்று தெரியும்வரை காத்திருக்காமல் ஆன்டிபயாடிக்கை ஆரம்பிக்கலாம் என்று மருத்துவர் ஸ்டீபன் ஷிம்ப் குழு எழுதியது 1971-இல். காத்திருந்தால் நோயாளி இருப்பதில்லை. இன்றைக்கும் விதி அதுதான்: ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஊசி. பலருக்குக் கடைசிவரை கிருமி சிக்குவதே இல்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்களில் யார் தொற்றை ஒட்டிவிட்டார்கள் என்று சந்தேகிக்காதீர்கள். கீமோ குடலின் உள்தோலையும் அரித்துவிடும். நம் குடலில் சாதுவாகக் கிடந்த கிருமியேதான் பெரும்பாலும் ரத்தத்துக்குள் இறங்குகிறது. 'எதிர்ப்பு சக்தி' என்று டப்பாவில் விற்கும் பொடி எதுவும் பிசைகிறவரைச் சீக்கிரம் கூட்டிவராது.

அடுத்த மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள், 2025-26-இல் மட்டும் 200 என்று அந்த ஆண்டின் மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். வரட்டும். காலையில் ட்ரிப்ஸ், சாயங்காலம் வீடு என்பது பேரையூர்க்காரருக்குப் பெரிய உபகாரம். ஆனால் ஆபத்து ட்ரிப்ஸ் ஏறும் பகலில் இல்லை. பத்தாம் நாள் ராத்திரியில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி மதுரைக்குப் போகிற சுமார் 50 கிலோமீட்டர் ரோட்டில் இருக்கிறது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று இருக்காமல் சிகிச்சை தரும் மருத்துவமனைக்குப் பேசுங்கள். அவசரப் பிரிவில் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரவைப்பார்கள். "கீமோ போட்டுப் பத்து நாள் ஆச்சு" என்பதை முதலில் சொல்லுங்கள்.

நான்காவது கீமோ உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவர் முடிவு செய்வார். பலருக்குத் தொடரத்தான் செய்கிறது. அளவைக் குறைக்கலாம், அல்லது கீமோ ஏற்றிய மறுநாள் போட ஜி-சிஎஸ்எஃப் ஊசி எழுதித் தரலாம். அது மஜ்ஜையை முடுக்கிவிடும் மருந்து. போட்டபின் இடுப்பும் முதுகெலும்பும் குடைவதாக அம்மா சொன்னால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அநேகமாக உள்ளே மாவு பிசைய ஆரம்பித்திருப்பார்கள்.