எதிர்ப்பாற்றலின் சமூக வரலாறு: பற்றீரியா, பண்ணை, சந்தை

நுண்ணுயிரெதிரி மருந்துகளுக்குப் பற்றீரியாக்கள் மடியாது நிலைக்கும் ஆற்றலைப் பெற்றுவருவது பற்றி இன்று பரவலாகப் பேசப்படுகிறது. இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கங்கள் இரு வகையின. நோயாளி மருந்தை இடைநடுவில் நிறுத்திவிடுகிறார், அல்லது வைத்தியர் தேவையின்றி எழுதிக்கொடுக்கிறார் என்பது ஒன்று. கிருமிகள் கூர்ப்படைவது இயற்கை நியதி, அதனை எவராலும் தடுக்க இயலாது என்பது மற்றையது. முன்னையது பொறுப்பைத் தனிமனிதர் மீது சுமத்துகிறது. பின்னையது பொறுப்பு என்பதனையே இல்லாமற் செய்கிறது. இரண்டிலும் உண்மையின் கூறுகள் உண்டு. ஆயினும் இரண்டுமே காணத் தவறும் தளம் ஒன்றுளது. அது உற்பத்தியின் தளமாகும். எதிர்ப்பாற்றலின் தோற்றம் இயற்கையைச் சார்ந்தது. அதன் பரம்பல் வரலாற்றைச் சார்ந்தது. வரலாற்றினாற் பரப்பப்பட்டதனைச் சமூகச் செயலினால் ஓரளவேனும் பின்வாங்கச் செய்தல் இயலும். இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வது இதுவே.

தொடக்கத்திலேயே ஒரு சொற்றெளிவு அவசியமாகிறது. எதிர்ப்பாற்றல் என நாம் இங்குக் குறிப்பது மனித உடல் நோயை எதிர்க்கும் வன்மையை அன்று. மருந்தின் முன்னிலையிலும் பற்றீரியா அழியாது பெருகும் தன்மையையே.

1

மருந்து என்பது மனிதன் ஆய்வுகூடத்திற் படைத்த ஆயுதம் என்றும், எதிர்ப்பாற்றல் என்பது அதற்கெதிராகக் கிருமிகள் அண்மையிற் கற்றுக்கொண்ட தந்திரம் என்றும் பலர் கருதுகின்றனர். வரலாறு இதனை ஆதரிக்கவில்லை. இன்று வழக்கிலுள்ள நுண்ணுயிரெதிரிகளுட் பெரும்பாலானவை மண்வாழ் பூஞ்சணங்களும் பற்றீரியாக்களும் உற்பத்தி செய்பவை, அல்லது அவற்றினின்றும் திருத்தியமைக்கப்பட்டவை. ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நெருங்கி வாழ்கின்றன. அவற்றுட் சில நஞ்சுகளைச் சுரக்கின்றன. வேறு சில அந்நஞ்சுகளைச் சிதைக்கவோ வெளியேற்றவோ வல்லன. நஞ்சைச் சுரக்கும் உயிர் தன் நஞ்சினால் தானே மடியாதிருக்க வேண்டுமாதலின், உற்பத்தியாற்றலும் எதிர்ப்பாற்றலும் உடன்பிறந்தவை எனலாம்.

கனடாவின் யூக்கன் பிரதேசத்தில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணை ஆராய்ந்தோர், பெனிசிலின் வகை மருந்துகளையும் தெற்றாசைக்கிளினையும் வன்கோமைசினையும் எதிர்க்கவல்ல பரம்பரையலகுகள் அதிற் காணப்பட்டமையை 2011 இல் வெளியிட்டனர். மருத்துவமும் மருந்துச் சந்தையும் தோன்றுவதற்கு மிக முந்திய காலத்திலேயே எதிர்ப்பாற்றல் இருந்துள்ளது.

'கிருமிகளுக்கு எதிரான போர்' என்னும் வழக்காற்றை இவ்விடத்தில் நாம் ஐயத்துடன் நோக்க வேண்டியுள்ளது. போர் என்ற உருவகம் நிலையான இரு படைகளையும் அவற்றுக்குப் புறம்பான ஒரு களத்தையும் முன்னனுமானிக்கிறது. பற்றீரியாவின் சூழலியலிலோ களமும் படையும் வேறுவேறல்ல. உயிரி தன் சூழலினால் ஆக்கப்படுவதோடு தன் சூழலைத் தானும் ஆக்குகிறது என ரிச்சர்ட் லெவின்ஸ், ரிச்சர்ட் லெவொன்ரின் ஆகியோர் 1985 இல் வெளியிட்ட இயக்கவியல் உயிரியல் பற்றிய நூலில் வாதித்தனர். நாம் உட்கொள்ளும் மருந்தும், பண்ணைக் கழிவிற் கலக்கும் மருந்தும் பற்றீரியாவுக்குப் புதியதொரு சூழலாகிவிடுகின்றன. அச்சூழலை ஆக்கியோர் நாமே.

2

மருந்து எதிர்ப்பாற்றலைப் படைப்பதில்லை, இருப்பதனைத் தேர்ந்தெடுக்கிறது. எஸ்தர் லெடர்பேர்க்கும் யோசுவா லெடர்பேர்க்கும் 1952 இல் வெளியிட்ட பரிசோதனை, ஸ்ரெப்ரோமைசினை ஒருபோதும் சந்தித்திராத பற்றீரியாக் கூட்டத்திலேயே அதனை எதிர்க்கவல்ல விகாரிகள் சில இருந்தமையைத் தெளிவாகக் காட்டிற்று. மருந்து சேரும்போது ஏனையவை மடிகின்றன. எஞ்சிய சிலவே பெருகிப் புதிய கூட்டமாகின்றன.

ஆயின் எதிர்ப்பாற்றல் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மட்டுமே செல்வதாயின் அதன் பரம்பல் இத்துணை விரைவாக இருந்திராது. போருக்குப் பிந்திய யப்பானில் வயிற்றுளைவுக் கிருமியான சிகெல்லா ஒரே வேளையில் நான்கு மருந்துகளை எதிர்க்கத் தொடங்கியமை ஆய்வாளர்க்குப் புதிராயிற்று. நான்கு தனித்தனி விகாரங்கள் ஒரே கலத்தில் தற்செயலாக நிகழ்தல் அரிது. ஒச்சியாய், அகிபா ஆகியோரின் ஆய்வுக் குழுக்கள் 1959 இல் இப்புதிரை அவிழ்த்தன. குடலில் வாழும் சாதாரண ஈகோலை பற்றீரியா, சிகெல்லாவுடன் ஏற்படும் தொடர்பின்போது நான்கு எதிர்ப்பாற்றல்களையும் ஒருங்கே கையளித்துவிடுகிறது. இதனைக் காவிச்செல்வது பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையமாகும். அது நிறமூர்த்தத்திற்குப் புறம்பாக இருப்பது; இனம்விட்டு இனம் செல்ல வல்லது.

இதன் விளைவைச் சுவடியியல் அறிந்தோர் எளிதில் உணர்வர். பல நூல்கள் ஒரே ஏட்டுக்கட்டிற் சேர்ந்திருப்பின், ஒரு நூலின் பொருட்டுக் கட்டைப் பேணுபவர் ஏனைய நூல்களையும் தம்மையறியாமலே பேணிவிடுகிறார். அவ்வாறே ஒரு மருந்தின் பயன்பாடு, அதே பிளாஸ்மிட்டில் அமைந்த வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பாற்றலையும் நிலைபெறச் செய்கிறது. இதனை மனங்கொள்ளாது மேல்வரும் வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது.

3

1940 களின் இறுதியில், ஐக்கிய அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த தோமஸ் ஜூக்ஸ், ரொபேர்ட் ஸ்ரோக்ஸ்ராட் ஆகியோர் மலிவானதொரு கோழித்தீனைத் தேடினர். ஓரியோமைசின் உற்பத்தியின் பின் எஞ்சிய கழிவை உண்ட குஞ்சுகள் விரைவாகப் பருத்தமை கண்டறியப்பட்டது. நோய் தீர்க்கும் பொருள் இவ்வாறு நிறைகூட்டும் பொருளாயிற்று. நோயுற்ற விலங்குக்குரிய முழு அளவு மருந்தன்றி, நோயற்ற விலங்குக்கு நாடோறும் தீனிற் கலந்து கொடுக்கும் சிற்றளவு மருந்தே இங்கு வேண்டப்பட்டது. ஆயிரக்கணக்கான விலங்குகள் நெருக்கமாக அடைக்கப்பட்டு, குறுகிய காலத்தில் விற்பனைக்கு ஆயத்தமாக்கப்படும் பெரும்பண்ணை முறைக்கு இது பெரிதும் உகந்ததாயிற்று. எதிர்ப்பாற்றல் பெற்றவற்றைத் தேர்ந்து பெருக்குவதற்கு இதனினும் வாய்ப்பான சூழலைக் கற்பனை செய்தல் கடினம்.

பிரித்தானியாவில் 1969 இல் வெளியான சுவான் குழுவின் அறிக்கை இவ்வாபத்தை உணர்ந்து, மனித சிகிச்சைக்குரிய மருந்துகளை வளர்ச்சியூக்கியாகத் தீனிற் சேர்த்தலாகாது எனப் பரிந்துரைத்தது. அது முற்போக்கானதொரு பரிந்துரையே. ஆயினும் அதன் தர்க்கத்தில் ஒரு குறை இருந்தது. 'மனிதர்க்குரிய மருந்து', 'விலங்குக்குரிய மருந்து' என்னும் பாகுபாடு சந்தைப் பண்டங்களின் பாகுபாடாகும். பற்றீரியா அப்பாகுபாட்டை அறியாது.

அக்குறையின் விளைவை அவோபார்சின் புலப்படுத்தியது. மனிதர்க்கு வழங்கப்படாமையால் அது தீனிற் சேர்க்கத்தக்கதெனக் கொள்ளப்பட்டது. ஆயின் அமைப்பில் அது வன்கோமைசினை ஒத்தது. ஒன்றை எதிர்க்கும் பற்றீரியா மற்றையதையும் எதிர்த்தது. டென்மார்க்கில் 1994 இல் மனித சிகிச்சைக்குப் பயன்பட்ட வன்கோமைசின் 24 கிலோகிராம். கால்நடைத் தீனிற் பயன்பட்ட அவோபார்சினோ 24,000 கிலோகிராம். 1995 இல் டென்மார்க் அதனைத் தடைசெய்தது. கோழிகளிடத்து வன்கோமைசினை எதிர்க்கும் பற்றீரியா விரைவாகக் குறைந்தது, பன்றிகளிடத்துக் குறையவில்லை. காரணம், பன்றிகளுக்கு ரைலோசின் என்னும் வேறொரு மருந்து தொடர்ந்து கொடுக்கப்பட்டமையே. இரண்டுக்குமான எதிர்ப்பாற்றல்கள் ஒரே பிளாஸ்மிட்டில் இருந்தன. 1998 இல் ரைலோசினின் பயன்பாடு வீழ்ந்த பின்னரே பன்றிகளிடத்தும் வீழ்ச்சி தோன்றிற்று. முன்னர்க் கூறிய ஏட்டுக்கட்டின் நியதி இங்குச் செயற்பட்டமை வெளிப்படை. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சியூக்கிகளாக நுண்ணுயிரெதிரிகளைப் பயன்படுத்துவதை 2006 இல் முற்றாகத் தடைசெய்தது.

4

இவ்வனுபவங்களுக்குப் பின்னரும் அதே வரலாறு வேறோரிடத்திற் பெருமளவில் மீள நிகழ்ந்தது. கொலிஸ்ரின், யப்பானில் 1950 அளவிற் பற்றீரியா இனமொன்றிலிருந்து பெறப்பட்ட மருந்து. சிறுநீரகத்திற்குத் தீங்கு விளைப்பதால் 1970 களின் பின் மனித சிகிச்சையில் அது பெரிதும் கைவிடப்பட்டது. மலிவாக இருந்தமையால் பண்ணைகளில் நிலைத்தது. பின்னர், ஏனைய மருந்துகள் யாவும் பயனற்றுப்போன நோயாளர்க்கு இறுதிப் புகலிடமாக அது வைத்தியசாலைகளுக்கு மீண்டது. இவ்வாறு ஒரே பொருள் ஓரிடத்தில் உயிர்காக்கும் கடைசி மருந்தாகவும் மற்றோரிடத்தில் தொன் கணக்கிற் கொட்டப்படும் தீனாகவும் விளங்கியது.

கொலிஸ்ரின் பற்றீரியாவின் வெளிமென்சவ்வில் உள்ள எதிரேற்றத்தைப் பற்றிக்கொண்டு அம்மென்சவ்வைச் சிதைக்கிறது. எம்.சி.ஆர்.-1 என்னும் பரம்பரையலகு அவ்வேற்றத்தைக் குறைக்கும் நொதியமொன்றை ஆக்குகிறது. மருந்து பற்றிக்கொள்ள இடமின்றிப் போகிறது. பிளாஸ்மிட்டில் அமைந்த இப்பரம்பரையலகை, ஷங்காய் நகரின் பன்றிப்பண்ணை ஒன்றிற் பெறப்பட்ட ஈகோலையிற் கண்டறிந்த செய்தியைச் சீன ஆய்வாளர் 2015 நவம்பரில் வெளியிட்டனர். 2011 முதல் 2014 வரை ஆராயப்பட்ட 804 விலங்குகளுள் 166 இலும், 523 இறைச்சி மாதிரிகளுள் 78 இலும், நோய்த்தொற்றுடைய 1,322 வைத்தியசாலை நோயாளரிடமிருந்து பெற்ற மாதிரிகளுள் 16 இலும் அது காணப்பட்டது. விலங்குகளில் 21 வீதம், மனிதரில் 1 வீதம் என்னும் இவ்விகிதமே பரம்பலின் திசையைச் சுட்டுகிறது. அப்பரம்பரையலகைப் பிளாஸ்மிட்டுக்குத் தாவச்செய்த துணுக்கோ பன்றிகளின் சுவாசநோய்க் கிருமி ஒன்றில் முதன்முதல் இனங்காணப்பட்டதாகும். சில ஆண்டுகளுள் ஐந்து கண்டங்களில் எம்.சி.ஆர்.-1 இனங்காணப்பட்டது.

கவனத்திற்குரிய செய்தி ஒன்றுளது. அக்காலத்திற் சீன வைத்தியசாலைகளிற் கொலிஸ்ரின் வழக்கமான மருந்தாக இருக்கவில்லை. எனவே, மருந்தை முறையாக உட்கொள்ளாத நோயாளியே காரணம் என்னும் விளக்கத்திற்கு இங்கு இடமில்லை.

2017 ஏப்ரல் முடிவில், வளர்ச்சியூக்கியாகக் கொலிஸ்ரினைத் தீனிற் சேர்த்தல் சீனாவில் நிறுத்தப்பட்டது. தீனிற் கலப்பதற்கான கொலிஸ்ரின் கலவையின் உற்பத்தி 2015 இல் 27,170 தொன்னாக இருந்து 2018 இல் 2,497 தொன்னாக வீழ்ந்தது. பன்றிகளிடமிருந்து பெற்ற ஈகோலையிற் கொலிஸ்ரினை எதிர்ப்பவை 2015-16 இல் 34 வீதம். 2017-18 இல் 5.1 வீதம். எம்.சி.ஆர்.-1 உடைய ஈகோலையைக் காவிய மனிதரின் வீதமும் 2016 இல் 14.3 ஆக இருந்து 2019 இல் 6.3 ஆகக் குறைந்தது. இப்பரம்பரையலகு தன்னைக் காவும் கலத்தின் மென்சவ்வைப் பாதித்து அதன் வளர்ச்சியை மந்தமாக்குகிறது. மருந்து உள்ளவரை அது கலத்திற்குக் காப்பு. மருந்து நீங்கிய பின் அதுவே சுமை. இயற்கைத் தேர்வு நின்றுவிடவில்லை. தேர்வின் நிபந்தனைகளைச் சமூகம் மாற்றியமையால் தேர்வின் திசை மாறிற்று.

5

இந்நிகழ்வை அளவுக்கு மீறி வியத்தலும் தவறாகும். எண்கள் குறைந்தன, பூச்சியமாகவில்லை. எஞ்சியவை வேறு மருந்துகளின் நிழலில் நிலைத்திருக்கக் கூடும் என்பதை டென்மார்க்கின் அனுபவம் உணர்த்துகிறது. தனியொரு மருந்தைத் தடைசெய்து அதனிடத்தில் வேறொன்றைச் சேர்க்கும் பண்ணைமுறை பிரச்சினையை இடம்பெயர்க்கிறதேயன்றித் தீர்ப்பதில்லை.

புதிய மருந்துகள் வந்து காக்கும் என்னும் நம்பிக்கையும் ஆராயத்தக்கது. அக்கயோஜென் என்னும் அமெரிக்க நிறுவனம் பிளாசோமைசின் என்ற புதிய நுண்ணுயிரெதிரிக்கு 2018 யூனில் அனுமதி பெற்றது. 2019 ஏப்ரலில் வங்குரோத்து நிலையை அறிவித்தது. புதிய மருந்தை அரிதாகப் பயன்படுத்திப் பேணவேண்டும் என்கிறது மருத்துவம். பெருமளவில் விற்க வேண்டும் என்கிறது சந்தை. பயன்மதிப்பும் மாற்றுமதிப்பும் இங்கு நேருக்குநேர் முரண்படுகின்றன.

இம்முரண்பாட்டின் சுமை சமமாகப் பங்கிடப்படவில்லை. 2019 இல் உலகெங்கும் 12 இலட்சத்து 70 ஆயிரம் மரணங்களுக்குப் பற்றீரியாக்களின் எதிர்ப்பாற்றல் நேர்க்காரணமாயிற்று எனக் கணிக்கப்பட்டுள்ளது. மக்கள்தொகை விகிதப்படி மிகக் கூடிய இழப்பு சகாராவுக்குத் தெற்கேயுள்ள மேற்கு ஆபிரிக்காவிலாகும். 2018 இல் வெளியான பல்நாட்டு ஒப்பீட்டாய்வொன்று, மக்கள் உட்கொள்ளும் நுண்ணுயிரெதிரியின் அளவைக் காட்டிலும், சுகாதார வசதி முதலிய உட்கட்டமைப்பும் ஆட்சியின் தரமுமே எதிர்ப்பாற்றலின் பரம்பலோடு நெருங்கிய தொடர்புடையன எனக் கண்டது. கழிவுநீர் குடிநீரோடு கலக்கும் சேரியில், மருந்தை ஒழுங்காக உட்கொண்ட நோயாளியும் தான் உண்டாக்காத எதிர்ப்பாற்றலைக் குடிக்கிறார்.

ஆகவே மருந்தை விதிப்படி உட்கொள்ளுமாறு மக்களுக்குப் போதித்தல் வேண்டியதே, ஆயினும் போதாது. தீனில் எது சேர்க்கப்படுகிறது, எவரது இலாபத்திற்காக, கழிவு எங்கே செல்கிறது, மருந்துற்பத்தி எத்தேவையைக் கொண்டு திட்டமிடப்படுகிறது என்னும் வினாக்கள் மருத்துவ வினாக்களாகவும் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும். பற்றீரியா கூர்ப்படைவதை நாம் தடுக்க இயலாது. அது எச்சூழலிற் கூர்ப்படைகிறது என்பதோ பெரும்பாலும் நமது உற்பத்தி முறையினால் நிர்ணயிக்கப்படுவது. எனவே நம்மால் மாற்றப்படக் கூடியதுமாகும்.