தண்ணீர் சொல்லும் சேதி

நீலசந்திராவில் சந்திரன் இல்லை. பெங்களூரில் ‘சந்திரா’ என்று முடியும் பெயர்களை ஆராய்ந்தவர்கள், அது ‘சமுத்திரம்’ தேய்ந்து மிஞ்சிய வால் என்பார்கள். சமுத்திரம் என்றால் இங்கே கடல் அல்ல, ஏரி. பொம்மசந்திரா, சிங்கசந்திரா, லக்கசந்திரா என்று நகரம் முழுக்க ஏரிப் பெயர்கள். தண்ணீர் போன இடங்களிலும் பெயர் மட்டும் போகவில்லை.

நீலசந்திராவின் தமிழ்க் குடும்பங்களில் யாருக்காவது வலிப்பு, பக்கவாதம், தீராத தலைவலி என்றால் ஆட்டோ ஓசூர் ரோட்டைப் பிடித்து லக்கசந்திராப் பக்கம் நிம்ஹான்ஸுக்குப் போகும். 1974-இல் பழைய மனநல மருத்துவமனையையும் அகில இந்திய மனநலக் கழகத்தையும் இணைத்து உண்டாக்கிய நிறுவனம் அது. ஓர் ஏரிப் பெயரிலிருந்து இன்னோர் ஏரிப் பெயருக்குப் போய், தலைக்குள் இருக்கும் தண்ணீரைக் காட்டிவிட்டு வருகிறோம். சும்மா சொல்லவில்லை. எம்ஆர்ஐ பார்ப்பது பெரும்பாலும் தண்ணீரைத்தான்.

எக்ஸ்ரே எலும்பின் நிழலைப் பிடிக்கிறது. எம்ஆர்ஐ நிழல் பிடிப்பதில்லை, வானொலி கேட்கிறது. நம் உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுக்கருவும் ஒரு பொடிக் காந்தம். சாதாரணமாக அவை கண்ட திசையில் கிடக்கும். 1.5 டெஸ்லா காந்தத்துக்குள், அதாவது பூமியின் காந்தப்புலத்தைப் போல சுமார் 30,000 மடங்கு வலிமையான புலத்துக்குள், படுக்க வைத்தால் அவற்றில் மிகச் சிறு பங்கு காந்தத்தின் பக்கம் சாயும். பத்து லட்சத்தில் ஏறக்குறைய ஐந்து. அந்த ஐந்தை வைத்துத்தான் இத்தனையும். ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸில் வானொலி அலையை அனுப்பினால் அவை நிலை புரளும். அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டே மெல்லிய சைகை தரும். எவ்வளவு வேகமாகத் திரும்புகின்றன என்பது அந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது: வீங்கிய திசுவிலா, கட்டியிலா, நலமான மூளையிலா? காதைப் பிளக்கும் அந்த டமடம சத்தம் காந்தத்துடையது அல்ல. எந்தச் சைகை எந்த இடத்திலிருந்து வந்தது என்று பிரித்தறிய, கூடுதல் கம்பிச்சுருள்களில் மின்சாரத்தை மிக வேகமாக மாற்றுகிறார்கள். அவை அதிர்ந்து எழுப்பும் ஓசை.

உள்ளே போகுமுன் வாட்ச், தோடு, மெட்டி, அரைஞாண், தாயத்து எல்லாம் கழற்ற வேண்டும். தாலிக்குப் பதில் மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைக் கட்டிக்கொண்டு போகும் பெண்களைப் பார்க்கலாம். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கம் இன்னும் நம்மிடம் போகவில்லை, பயன் ஒன்றும் இல்லாவிட்டாலும். அந்தச் சாவியை இங்கே வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். காந்தம் ராத்திரியும் பகலும் உயிரோடு இருக்கிறது. ஸ்கேன் முடிந்தாலும் அணையாது.

எம்ஆர்ஐயின் கதையில் பெங்களூருக்கு ஒரு பழைய பங்கு உண்டு. நகரவாசிகளே அதிகம் பேசாத பங்கு. அணுக்கருவின் காந்த ஒத்ததிர்வை அமெரிக்காவில் பிளாக், பர்செல் இருவரும் தனித்தனியே கண்டது 1946-இல். ஐந்தே ஆண்டில், இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன் என்ற இயற்பியலாளர் வேறொன்று கேட்டார்: நீர்மம் நிற்காமல் ஓடினால் சைகை என்ன ஆகும்? ஓடும்போது சைகை கூடியது. 1951-இல், சி.வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் அதை எழுதினார்.

காரணம் கல்யாணப் பந்தியில் இருக்கிறது. சாப்பிட்டு முடித்தவர் இலையில் மறுபடி சாம்பார் ஊற்றப் போனால் கையைக் குறுக்கே வைப்பார். வானொலி அலையைத் திரும்பத் திரும்ப வாங்கிய அணுக்கருக்களும் அப்படித்தான். ‘போதும்’ என்று சோர்ந்துவிடும், சைகை மங்கும். நீர்மம் ஓடினாலோ ஒவ்வொரு நொடியும் புதுப்பந்தி. பசியோடு வந்து உட்கார்கிறவர்கள். இன்று மருந்தே செலுத்தாமல் மூளையின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் எம்ஆர் ஆஞ்சியோ நிற்பது இந்தத் தத்துவத்தின் மேல்தான். சுற்றியுள்ள திசு சோர்ந்து கருக்கிறது, புதிதாக வந்த ரத்தம் பளிச்சிடுகிறது. குழாய் எங்கே சுருங்கியிருக்கிறது, எங்கே பலூன்போல் புடைத்திருக்கிறது என்று தெரிகிறது. லாட்டர்பர் எம்ஆர்ஐ படத்தை உருவாக்கிக் காட்டியது 1973-இல்; அவரும் மேன்ஸ்ஃபீல்டும் நோபல் பெற்றது 2003-இல். சூர்யனின் பெயர் துறைக்காரர்களின் வரலாற்றுக் குறிப்புகளோடு நின்றுவிட்டது. 2023 ஆகஸ்டில் உள்நாட்டிலேயே உருவான 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ என்று ஒன்றிய அரசு அறிமுகப்படுத்திய கருவியும் பெங்களூர் நிறுவனம் ஒன்றுடையதே, வாக்ஸல்கிரிட்ஸ்.

பக்கவாதத்தில் தண்ணீர் வேறு விதமாகப் பேசும். ரத்தம் நின்ற மூளைப்பகுதியில் செல்கள் வீங்க, இடுக்கில் மாட்டிய நீர் மூலக்கூறுகள் நகர முடியாமல் தவிக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு நீலசந்திராக் கடைத்தெருவில் ஆட்டோ தவிப்பதுபோல. இந்த நகர்ச்சியை அளக்கும் ‘டிஃப்யூஷன்’ படத்தில் அந்த இடம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வெளுத்துத் தெரியலாம், சிடி ஸ்கேன் இயல்பாக இருக்கும்போதே. ஆனாலும் பல இடங்களில் முதலில் சிடிதான் எடுப்பார்கள். ரத்தக்கசிவு இருக்கிறதா இல்லையா என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும்.

எம்ஆர்ஐ எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் எனக்குத் தகராறு. அதிகமாகத் தெரிவதும் தொல்லை. முதுகுவலியே இல்லாத 98 பேரை அமெரிக்காவில் எம்ஆர்ஐ எடுத்து 1994-இல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. ‘டிஸ்க் பல்ஜ்’ என்ற சொல்லை ரிப்போர்ட்டில் பார்த்துப் படுத்துவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. டாக்டரின் சீட்டில் ‘என்ன சந்தேகம்’ என்று ஒரு வரி எழுதக் கேட்பது சும்மா அல்ல. எதைத் தேடுகிறோம் என்பதற்கேற்பத்தான் எடுக்கும் முறையே மாறும்.

அந்த வரி எவ்வளவு பெரியது என்று வேலூர் காட்டியது. சிடி ஸ்கேன் நம் நாட்டில் பரவிய 1980-களில், வலிப்போடு வந்த பலரின் மூளையில் ஒரே ஒரு சின்ன வளையப் புள்ளி தெரிந்தது. இந்தியா ஆயிற்றே, காசநோய்க் கட்டிதான் என்று மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை. மருந்தால் மறைந்ததாக எண்ணிய புள்ளிகள் மருந்தில்லாமலும் மறைந்தன. வேலூர் சிஎம்சியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்தத் திசுவையே எடுத்து ஆராய்ந்து 1991-இல் எழுதினார்கள்: பெரும்பாலானவை நாடாப்புழுவின் சாகும் நிலைக் கட்டிகள். பன்றியிறைச்சி தொடாதவர்களுக்கும் வரும். மனிதக் கழிவு கலந்த நீரிலும் கீரையிலும் வரும் முட்டைகளிலிருந்து வெளிப்படும் இளம்புழுக்கள்தான் மூளை வரை போகின்றன. புள்ளி 20 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை, உடம்பில் வேறு காசநோய் இல்லை, தலைக்குள் அழுத்தம் இல்லை என்பது போன்ற அளவுகோல்களை அவர்கள் வகுத்ததால், எத்தனையோ பேர் தேவையற்ற மருந்திலிருந்தும் அறுவைச் சிகிச்சையிலிருந்தும் தப்பினார்கள்.

எம்ஆர்ஐ இந்தச் சந்தேகத்தை இன்னும் குறுக்கியது. உயிருள்ள புழுக்கட்டி நீர் நிரம்பிய பை. அதற்குள் பொட்டு வைத்ததுபோல் புழுத்தலை தெரிந்தால் வழக்கு முடிந்தது. தெரியாவிட்டால் கட்டிக்குள் என்ன வேதிப்பொருள் என்று கேட்கலாம். காசநோய்க் கட்டியின் நடுவில் கொழுப்பின் சைகை தூக்கலாக எழும். லக்னோவில் ராகேஷ் குப்தா குழுவினர் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள்.

பிறகு காத்திருப்பு. வலிப்பு மாத்திரையோடு சில மாதம் போனபின் மறுபடி ஸ்கேன். பலருக்குப் புள்ளி இருந்த இடமே தெரியாது. சிலருக்கு மட்டும் புழு சுண்ணாம்பாகி, கடுகு அளவு மிஞ்சும். பின்னாளில் வலிப்பு திரும்ப அதுவும் காரணமாகலாம். அந்தக் கடுகு வழக்கமான எம்ஆர்ஐ படங்களில் எளிதாகத் தப்பிவிடும். பழைய சிடியில் பளிச்சென்று நிற்கும். காய்ந்த சுண்ணாம்பில் பேசுவதற்குத் தண்ணீர் ஏது?