பதினேழு குறிகளில் ஒரு வண்டியின் பெயர்

அமெரிக்க நாட்டில் ஓடும் ஒரு காரின் முன்கண்ணாடி வழியே உள்ளே நோக்கினால், ஓட்டுநர் பக்கத்தில் சிறு தகடு ஒன்று தெரியும். அதில் எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு குறிகள் வரிசையாக நிற்கும். அதுவே வண்டி அடையாள எண். சாலையில் நாம் காணும் பதிவெண் மாறக்கூடியது. இதுவோ வண்டி பிறந்தபோதே இட்ட பெயர். திருடுபோன காரை இனங்காணவும், பிரேக்கில் குறை கண்ட வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைக்கவும் இதுவே துணை. ஒரு குறி பிழைத்தால் குறையுள்ள கார் அந்த அழைப்புக்குத் தப்பிவிடும். அதில் செல்வோர் அதனை அறியார்.

முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போல் எண்ணிட்டு வந்தது. 1981-ஆம் மாதிரியாண்டு முதல் பதினேழு குறிகள் என்பது அங்கே விதியாயிற்று. ஒன்றையும் சுழியையும் போலத் தோன்றி மயக்கும் 'ஐ', 'ஓ', 'கியூ' என்னும் ஆங்கில எழுத்துக்கள் விலக்கப்பட்டன. பல்லாண்டு விடைத்தாள் திருத்திக் கண் நொந்த எனக்கு இவ்விதியின் அருமை நன்கு விளங்குகிறது!

ஒன்பதாம் இடத்தில் நிற்பது காவற்குறி. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு. அம்மதிப்புக்களை அவ்வவ்விடத்துக்குரிய எண்ணால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதியே அங்கே பொறிக்கப்படும். மீதி 10 ஆயின் 'எக்ஸ்' இடுவர். ஏன் 11? அது பகா எண் ஆதலின், ஓரிடத்து மதிப்பு பிறழ்ந்தாலும் மீதி மாறிவிடும். ஆயினும் 'ஏ', 'ஜே' இரண்டிற்கும் மதிப்பு 1 தான். ஒன்றுக்கு மற்றொன்றை எழுதினால் காவலனும் ஏமாந்துபோவான்.

பத்தாம் இடம் மாதிரியாண்டைச் சொல்வது. அங்கே 'யூ', 'இசட்', சுழி ஆகியவையும் விலக்கப்பட்டன. எஞ்சியவை 21 எழுத்துக்களும் 9 எண்களும். ஆக 30 ஆண்டுகளுக்கே குறி உண்டு. 1980-க்கு 'ஏ' என்றால் 2010-க்கும் 'ஏ' தானே? தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இட்டாற்போல் ஆயிற்று. பெயரோ அடையாளத்திற்காகவே இட்டது!

பதினெட்டாம் இடம் ஒன்று சேர்த்தால் தீராதோ எனலாம். பதினேழுக்கென அமைந்த பதிவேடுகளும் படிவங்களும் கணிப்பொறிகளும் எல்லாம் மாறவேண்டும் அன்றோ? ஆகவே 2008-இல் விதியைத் திருத்தியோர் நீளத்தைத் தொடாமல் ஏழாம் இடத்தைப் பயன்படுத்தினர். பயணிகள் கார்களிலும் எடை குறைந்த பிற வண்டிகளிலும் அவ்விடத்தில் எண் இருந்தால் 1980 முதல் 2009 வரை. எழுத்து இருந்தால் 2010 முதல் 2039 வரை.

2040-இல் மீண்டும் 'ஏ' வரும். ஏழாம் இடத்திலோ எண், எழுத்து இரண்டு முறையும் தீர்ந்திருக்கும். அப்போது என்ன செய்யலாம் என்பதை, கணக்கில் விருப்பமுள்ளோர் இன்றே எண்ணிப் பாருங்கள்.