தோல் நகரத்து மனிதர்கள் – 9: பீரோ சாவி

சென்ற வாரம் ஷூ கம்பெனிகளில் ஷூவின் மேல்பாகமான ‘அப்பர்’ தைக்கும் பெண்களைப் பார்த்தோம். கம்பெனி பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போன சற்று நேரத்தில், அதே தெருவிலிருந்து அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புகிறார்கள். அந்தப் பள்ளியில் ஆசிரியர் கணக்கிலும் சேராமல் ஆபீஸ் கணக்கிலும் சேராமல் ஒருவர் இருப்பார். நூலகர்.

சின்ன வயதிலிருந்தே நூலகராக ஆசைப்பட்டு ஆனவர்களை இந்தப் பக்கம் விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும். டிகிரி முடித்து, நாலு இடம் அலைந்து, ஒரு தனியார் பள்ளி ஆபீஸில் உட்கார்ந்து, ‘லைப்ரரியையும் கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்பதில் ஆரம்பிக்கும். பிறகு அஞ்சல் வழியில் பி.லிப். படிப்பார்கள். அதற்கு அப்புறமும் கணக்கு மிஸ் லீவு போட்டால் அந்த வகுப்பை மேய்க்க இவரைத்தான் அனுப்புவார்கள். அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் இந்த ஏற்பாடும் கிடையாது. ஓர் ஆசிரியர் பொறுப்பில் பூட்டிய புத்தக பீரோ, அவர் பையில் சாவி.

இப்படிப் பக்கவாசலில் வந்தவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. இந்திய நூலகத் துறைக்கே தந்தை என்று கொண்டாடப்படும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அவர் போனதற்குச் சம்பளம் கூடுதல் என்பதும் ஒரு காரணம். ஒரே வாரத்தில் வெறுத்துவிட்டது. மாநிலக் கல்லூரிக்கே திரும்பி வந்துவிடுகிறேன் என்று முதல்வரிடம் போய் நின்றார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். போன இடத்தில் ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சட்டங்களை மாட்டிக் காட்டுவதைப் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் புத்தகங்களை வகைபிரிக்க 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை. வேலைக்கு வெளியே வாழ்க்கை என்று அவருக்கு ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். கல்யாணத்தன்று பிற்பகலே நூலகத்துக்கு வந்துவிட்டார் என்பார்கள். இதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்.

நம் வட்டாரத்துக்கு வருவோம். இங்கே பல கல்விக்கூடங்கள் தோல் வியாபாரிகள் ஆதரவில் எழும்பியவை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் வந்தது. மேல்விஷாரத்தில் 1965இல் தொடங்கிய கல்லூரி, தோல் வணிகரும் வள்ளலுமான சி. அப்துல் ஹக்கீம் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பள்ளிகள் சிலவற்றில் தமிழ், ஆங்கிலம், உருது மூன்று மொழிப் புத்தகங்களும் ஒரே நூலக அறையில் இருக்கும். உருதுப் புத்தகம் வலப்பக்கத்திலிருந்து திறக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர் முன் அட்டை என்று நினைத்துப் பின் அட்டையைத் திறந்து, பள்ளி முத்திரையைக் கடைசிப் பக்கத்தில் குத்திவிட வாய்ப்பு உண்டு. முத்திரை குத்தும் வழக்கம் இதுதான்: தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை, அது தவிர நூலகருக்கு மட்டும் தெரிந்த ‘ரகசியப் பக்கத்தில்’ ஒரு முத்திரை. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு யாராவது சொந்தம் கொண்டாடினால், அந்த இரண்டாவது முத்திரை காட்டிக்கொடுக்கும்.

தோலுக்கும் நூலகத்துக்கும் இங்கே இன்னொரு பழைய உறவு. பழைய கல்லூரி நூலகங்களில் தோல் பைண்டிங் புத்தகத்தைத் தொட்டால் கையில் செம்மண் மாதிரி ஒரு தூள் ஒட்டும். புடவையில் பட்டால் லேசில் போகாது. அன்றைய சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட ஆட்டுத்தோல்கள் லண்டன் சந்தையில் ‘பெர்ஷியன்’ என்ற பெயரில் பைண்டிங்குக்கும் விற்றன. பாரசீகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. புத்தகங்களின் தோல் ஏன் இப்படி உதிர்கிறது என்று லண்டனில் கலைகள் சங்கத்தின் குழு ஒன்று ஆராய்ந்து 1901இல் அறிக்கை கொடுத்தது. சீக்கிரம் கெட்டுப்போகும் தோல்களின் வரிசையில் நம் ஆவாரம்பட்டைத் தோல் முன்னால் நின்றது. செருப்புக்கும் கிணற்றில் நீர் இறைக்கும் கவலைக்கும் தலைமுறை தலைமுறையாக உழைத்த சரக்கு, கேஸ் விளக்குப் புகை பிடித்த சீமை நூலகங்களில் தோற்றுப்போனது.

மறுபடி சாவிக்கு வருகிறேன். பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுக்க நூலகர் ஏன் தயங்குகிறார்? கெட்ட மனசு இல்லை, பயம்தான். வருஷக் கடைசியில் இருப்புச் சரிபார்ப்பு. பதிவேட்டில் இருக்கிற எண் அலமாரியில் இல்லை என்றால் முதலில் அவர் தலையில்தான் கை வைப்பார்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் இந்த விஷயத்தில் தாராளமாகவே இருக்கின்றன. ஓராண்டில் வழங்கப்படும் அல்லது புரட்டப்படும் 1,000 புத்தகங்களுக்கு 5 தொலைந்தால் அது இயல்பான இழப்பு, நேர்மைக் குறைவோ அலட்சியமோ இல்லாதவரை. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். பள்ளி நிர்வாகங்கள் இந்த ஒரு விதியைக் கடன் வாங்கினால் பாதி பீரோக்கள் திறந்துவிடும் என்பது என் எண்ணம்.

சின்ன ஊர் என்பதால் ஸ்கூல் விட்டாலும் நூலகருக்கு வேலை விடாது. காய்கறிக் கடையில், கல்யாண மண்டபத்தில், பஸ் ஸ்டாண்டில் யாராவது ஓர் அம்மா பிடித்துக்கொள்வார்: “மிஸ், அந்தக் கதைப் புஸ்தகம் வீட்லதான் இருக்கு, நாளைக்குக் குடுத்தனுப்பிடறேன்.” நாளைக்கு வராது. ஆனால் மகனோடு அந்த அம்மாவும் அதைப் படித்துக்கொண்டிருப்பார் என்றால், நூலகங்களுக்காக ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் குறைந்தது மூன்று அங்கே நிறைவேறிவிட்டன.

வேலை நேரத்துக்கு அப்பால் என்று பேச வந்தால் பாலம் கல்யாணசுந்தரத்தைத் தாண்டிப் போக முடியாது. அவர் பள்ளி நூலகர் இல்லை, ஸ்ரீவைகுண்டம் குமரகுருபர கலைக் கல்லூரியின் நூலகர். 35 வருஷம் அங்கே வேலை பார்த்தார். சம்பளத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தன் சாப்பாட்டுக்காக ஹோட்டலில் சர்வர் வேலை செய்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1998இல் ஓய்வுபெற்ற பிறகு ‘பாலம்’ அமைப்பைத் தொடங்கினார். 2023இல் பத்மஸ்ரீ வந்தது. பகலில் புத்தகம் எடுத்துக் கொடுத்த அதே கை, மற்ற நேரத்தில் இலை போட்டுப் பரிமாறியிருக்கிறது. பதிவேடு, முத்திரை, இருப்பு என்று ஒரு ரூபாய்ப் புத்தகத்துக்கும் கணக்கு எழுதிய மனிதர், சொந்தப் பணத்துக்கு மட்டும் கணக்கு வைக்கவில்லை.

அடுத்த வாரம்: பேரணாம்பட்டு.

(தொடரும்)