நெடுந்தீவில் பெருமை, கோடியக்கரையில் தலைவலி: நம்ம ஊர் 'காட்டுக்குதிரை'கள் எங்கிருந்து வந்தன?

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையின் நெடுந்தீவு. இந்தப் பக்கம் நாகப்பட்டினம் மாவட்டத்தின் கோடியக்கரை. இரண்டு இடங்களிலும் கடிவாளமோ லாடமோ உரிமையாளரோ இல்லாமல் மட்டக்குதிரைகள் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. பார்ப்பவர்கள் 'காட்டுக்குதிரை' என்றுதான் சொல்கிறார்கள். ரீல்ஸிலும் அதே பெயர்தான்.

ஆனால், இவை காட்டுக்குதிரைகளே இல்லை. மனிதர்கள் வளர்த்து, பிறகு கைவிட்ட குதிரைகளின் வாரிசுகள். இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. தண்ணீர் வற்றும் கோடையில் இவற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியே இதில்தான் சிக்கியிருக்கிறது.

அப்போ, அசல் காட்டுக்குதிரை எது?

இன்று உலகில் அந்தப் பெயருக்கு உரியது என்று சொல்லப்படுவது ஒரே ஒரு இனம்தான். மங்கோலியப் புல்வெளிகளின் பிரெவால்ஸ்கி குதிரை. மங்கோலியர்கள் இதைத் 'தாக்கி' என்கிறார்கள். 1960-களின் இறுதியில் இது காட்டில் அடியோடு மறைந்துபோனது. உயிரியல் பூங்காக்களில் மிஞ்சியிருந்தவற்றைப் பெருக்கி, 1992 முதல் மீண்டும் மங்கோலியாவில் விட்டார்கள். இன்று உலகம் முழுவதும் சுமார் 2,000 குதிரைகள் இருக்கின்றன.

இதிலும் ஒரு ட்விஸ்ட் உண்டு. சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் கஜகஸ்தானில் மனிதர்கள் வளர்த்த குதிரைகளின் வழிவந்ததே பிரெவால்ஸ்கி என்று 2018-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு சொன்னது. அந்தக் குதிரைகள் வளர்ப்புக் குதிரைகள்தானா என்பதை வேறு சில ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. விவாதம் இன்னும் முடியவில்லை.

அமெரிக்காவின் மஸ்டாங் ஸ்பெயின்காரர்கள் கொண்டுபோன குதிரைகளின் வாரிசு. ஆஸ்திரேலியாவின் பிரம்பி, ஐரோப்பியக் குடியேறிகள் விட்டது. அசாமின் திப்ரு-சைகோவா தேசியப் பூங்காவில் திரியும் குதிரைகள், இரண்டாம் உலகப்போர் கால ராணுவக் குதிரைகளின் வழிவந்தவை என்று கருதப்படுகிறது. இந்தியாவில் குதிரைக் குடும்பத்தின் அசல் காட்டு விலங்கு வேண்டுமென்றால், குஜராத்தின் கட்ச் பாலைக்கோ லடாக்குக்கோதான் போக வேண்டும். அங்கே இருப்பவை காட்டுக்கழுதைகள்.

தமிழ் மண்ணுக்குக் குதிரை எப்படி வந்தது?

கடல் வழியாக. கப்பலில் குதிரைகள் வந்து இறங்கியதைச் சங்க இலக்கியமான பட்டினப்பாலையே சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்கோ போலோ, தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் பாண்டியர்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்கள்; பராமரிக்கத் தெரியாததால் பெரும்பாலானவை செத்துப்போயின; மறுபடி வாங்கினார்கள் என்பது அவர் தரும் சித்திரம். தீனியாகச் சோறும் இறைச்சியும் கொடுத்தார்கள் என்றும் சொல்கிறார். கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனாலும் குதிரை இங்கே காசு கொடுத்து வரவழைத்த விலங்கு என்பதில் சந்தேகமில்லை.

நெடுந்தீவுக்கும் குளச்சலுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு இடத்துக்கும் வந்தது ஒரே கம்பெனி: டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. யாழ்ப்பாணத்தை 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள், நெடுந்தீவில் குதிரைப் பண்ணை நடத்தினார்கள். சுற்றிலும் கடல் என்பதால் வேலி தேவையில்லை. தங்கள் நாட்டு நகரமான 'டெல்ஃப்ட்' பெயரையே தீவுக்கும் வைத்தார்கள். குதிரை லாயத்தின் கல் தூண்களை இன்றும் அங்கே பார்க்கலாம்.

அதே கம்பெனியின் படைதான் 1741-ல் இலங்கையிலிருந்து வந்து, குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. அதில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டி லனாயின் கல்லறை, தக்கலை அருகே உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. குமரிக் கரையில் கம்பெனி விட்டுப்போனது ஒரு தளபதியை என்றால், நெடுந்தீவில் விட்டுப்போனது குதிரைகளை. ஆங்கிலேயர் காலத்திலும் கொஞ்ச நாள் ஓடிய பண்ணை பிறகு கைவிடப்பட்டது.

இப்போது அவற்றின் நிலைமை என்ன?

நெடுந்தீவில் சில நூறு குதிரைகள் இருக்கின்றன. தீவின் ஒரு பகுதி 2015-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குறிகட்டுவானிலிருந்து படகேறி வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு முதல் ஈர்ப்பே குதிரைகள்தான். ஆனால் சுண்ணாம்புப் பாறைத் தீவில் நல்ல தண்ணீர் குறைவு. மழை பொய்த்தால் குட்டைகள் வற்றிவிடும், கிணறுகள் உவர்த்துவிடும். அப்படிப்பட்ட வறட்சிக் காலங்களில் குதிரைகள் செத்து விழுந்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. மனிதர்களுக்கே தண்ணீர் தட்டுப்பாடு வரும் இடத்தில், குதிரைக்குத் தொட்டி நிரப்புவது லேசான வேலை இல்லை.

கோடியக்கரையில் ஏன் சிக்கல்?

அங்கே கதை தலைகீழ். 1967-ல் சரணாலயம் உருவானதே வெளிமான்களைக் காப்பதற்காகத்தான். மானும் குதிரையும் மேய்வது ஒரே புல்வெளி. குதிரைக்கு உடம்பு பெரிது, தீனியும் அதிகம். போதாக்குறைக்கு, சீமைக் கருவேலக் காய்களைத் தின்றுவிட்டுப் போகும் இடமெல்லாம் லத்தியோடு விதையையும் போடுகிறது. ஏற்கெனவே கருவேலம் விழுங்கிவரும் புல்வெளி இன்னும் சுருங்குகிறது. குதிரைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான்.

என்ன வழி இருக்கிறது?

கொல்வது, பிடித்து இடம் மாற்றுவது, கருத்தடை. உலகில் நடப்பவை இந்த மூன்றும்தான். அமெரிக்காவின் அசடீக் தீவில் 1990-களிலிருந்து பெண் குதிரைகளுக்குக் கருத்தடை ஊசியை டார்ட் மூலம் தூரத்திலிருந்தே செலுத்துகிறார்கள். குதிரையும் சாவதில்லை, கூட்டமும் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் வருடக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டிய வேலை, செலவும் பிடிக்கும்.

நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வெளிமானுக்கு இடம் உண்டு. காட்டுக்கழுதைக்கும் உண்டு. கோடியக்கரைக் குதிரைக்கு இல்லை. சட்டத்தின் பார்வையில் அது வளர்ப்பு விலங்கு, ஆனால் வளர்ப்பவர் யாரும் இல்லை. வெளிமானைக் காக்கக் குதிரையை வெளியேற்றினாலும் சரி, அங்கேயே வைத்துக் கருத்தடை செய்தாலும் சரி, அதற்கான பொறுப்பு யாருடையது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதுவரை இழப்பு புல்வெளிக்கும் மானுக்கும் மட்டுமல்ல, குதிரைக்கும்தான்.