கைக்கு எட்டாத துவக்கு

பொன்மேல் ஆசை கொண்டோர் உண்டு. மண்மேல் ஆசை கொண்டோர் உண்டு. துவக்கின்மேல் ஆசை கொண்டோரும் இவ்வுலகில் உளர். இன்ன பட்டறையில் செய்தது, இன்ன மரத்தில் பிடி அமைந்தது என்று அன்னார் மணிக்கணக்காகப் பேசுவர். விலையைக் கேட்டதும் பெருமூச்சு விட்டு வாய் மூடுவர். எட்டாத பொருள்மேல் மனிதர் வைக்கும் மோகம் விசித்திரமானது. ஆனால் அந்த மோகத்துக்கு மெய்யாகவே விலை கொடுத்தவர் யார்? இக்கேள்விக்கு நம் ஊவா மலைநாடு தரும் விடையை இன்று வாசக நேயர்களுடன் கூடி ஆராயப் புகுகிறோம்.

தேவாலயம் சொல்லும் கதை

பதுளை நகரில் புனித மாற்கு தேவாலயம் என ஒன்று உண்டு. மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்னும் ஆங்கிலேயரின் ஞாபகார்த்தமாக அவருடைய நண்பர்களும் உறவினரும் எழுப்பிய ஆலயம் அது. இலங்கை ரைபிள் படையைச் சேர்ந்த றொஜர்ஸ், பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் கடமையாற்றியவர். ஆயினும் சரித்திரத்தில் அவர் பெயரை நிறுத்தியது நீதியுமன்று, நிர்வாகமுமன்று, யானை வேட்டையே.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தமது நூலில், றொஜர்ஸ் வீழ்த்திய யானைகள் 1,400க்கு மேல் என்று எழுதியுள்ளார். 2011இல் நாடெங்கும் எடுத்த கணக்கெடுப்பில் இலங்கையின் காட்டு யானைகள் மொத்தம் 5,879 எனக் கண்டனர். ஆகவே அந்தக் கணக்கில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்த தொகையை ஒரு தனி மனிதரின் துவக்கு தின்று தீர்த்ததெனலாம்!

தந்தங்களை விற்றே அவர் பட்டாளத்தில் பதவி உயர்வுகளை விலைக்கு வாங்கினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. இலங்கையில் ஆண் யானைகளிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டாகையால் அக்கதையை முற்றும் நம்புவதற்கில்லை. ஆனால் அக்காலத்தில் அரசாங்கமே யானைத் தலைக்கு இத்தனை சிலிங் என்று சன்மானம் வழங்கிற்று என்பது மெய். வடபகுதியின் ஒரு பாகத்தில் மாத்திரம், 1848க்கு முந்திய மூன்று வருடங்களுக்குள் 3,500 யானைகள் மாண்டன.

1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி றொஜர்ஸ் மாண்டார். நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறையையும் இடி விடவில்லை என்று மலைநாட்டு முதியோர் இன்றும் கதை சொல்வதுண்டு. யானைகளின் சாபமே அது என்பது அவர்கள் துணிபு.

பேக்கர் துரையின் படைக்கலம்

றொஜர்ஸ் மறைந்த அதே 1845இல் இலங்கைக்கு வந்தவர் சாமுவேல் பேக்கர். 1848 முதல் சில வருடங்கள் நுவரெலியாவில் குடியிருந்து, ஊவாவின் காடுகளிலும் வேட்டையாடி, அதைப் பற்றி நூலும் எழுதினார். துவக்குப் பிரியர்களின் கனவு எத்தகையது என்பதை அறிய இவரிடமே செல்ல வேண்டும்.

இருபது வயதும் நிரம்பாத பருவத்தில், 1840இல், தாமே திட்டம் வகுத்துப் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துவக்குத் தொழிலாளரிடம் ஒரு ரைபிள் செய்வித்தார். அதன் எடை 21 இறாத்தல். அதாவது ஒன்பதரைக் கிலோ. இலங்கையில் அவர் வைத்திருந்தவற்றுள் இதனோடு 16 இறாத்தல் எடையுள்ள ரைபிள் ஒன்றும், தலா 15 இறாத்தல் எடையுள்ள இரட்டைக் குழல் ரைபிள்கள் நான்கும் இருந்தன. எல்லாம் சேர்ந்து 97 இறாத்தல்! இத்தனை பாரத்தையும் துரை தாமே சுமந்தாரோ? இல்லை. ஒவ்வொன்றையும் தோளில் ஏந்தி, மருந்து கெட்டித்து நீட்டுவதற்கென்று வேலையாட்கள் காட்டில் அவர் பின்னே நடந்தார்கள். மதம் கொண்ட யானையின் முன்னால் வெறுங்கையோடு நின்ற அவ்வேலையாட்களின் நாமங்களை எந்தத் தேவாலயச் சுவரும் தாங்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? மொரீசியசிலும் ஜமேக்காவிலும் கரும்புத் தோட்டங்களை உடைய செல்வக் குடும்பம் பேக்கருடையது. கனவு கண்டவர் ஒருவர். அதற்காகக் கரும்பு வெட்டியவர் வேறொருவர்.

லண்டன் பட்டறையில்

பேக்கருக்குப் பின் துவக்குத் தொழில் வெகுவாக முன்னேறியது. 1814இல் தோன்றிய பர்டி, 1835இல் தோன்றிய ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் ஆகிய லண்டன் கம்பெனிகளின் பெயர்கள் துவக்குப் பிரியர்களுக்கு மந்திரம் போன்றவை.

அவை ஏன் இத்தனை விலை? தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல், வாங்குவோரின் கை நீளம், தோள், கழுத்து எல்லாம் அளந்தே அங்கே துவக்குச் செய்கிறார்கள். குழலுக்கு ஒருவர், பூட்டுக்கு ஒருவர், வாதுமை மரப் பிடிக்கு ஒருவர், சித்திர வேலைக்கு ஒருவர் என்று தேர்ந்த கைவினைஞர் பலர் நூற்றுக்கணக்கான மணி நேரம் உழைக்கிறார்கள். இரட்டைக் குழல் ரைபிளாயின், இரு குழல்களின் குண்டுகளும் ஒரே இலக்கில் சேரும்வரை சுட்டுப் பார்ப்பதும், குழல்களைத் திருத்தி மீண்டும் ஒட்டுவதுமாக வேலை நீளும். பணம் கட்டியவர் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மலைநாட்டுத் தோட்டங்களில் சின்னத்துரைமார் பலருக்கும் இத்தகைய துவக்குகள் கனவாகவே இருந்தன. பர்மிங்ஹாமிலோ, பெல்ஜிய நாட்டு லியேஜிலோ செய்த மலிவுத் துவக்கோடு திருப்தி அடைவதன்றி அவர்களுக்கு வேறு வழியில்லை.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு

மாணவ மணிகளே, பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனின் முதல்தர இரட்டைக் குழல் துவக்கு ஒன்றின் விலை இந்நாளில் ஒரு லட்சம் பவுணைத் தாண்டும். ஒரு பவுணுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 4 கோடி ரூபாய். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயமான நாளொன்றின் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய். 4 கோடியை 1,350ஆல் வகுத்தால் 29,600 நாட்களுக்கு மேல் வரும். வருடத்துக்கு 300 நாள் பேர் விழுந்தாலும், ஒரு சதம்கூடச் செலவு செய்யாமல், ஏறத்தாழ 99 வருடம் கொழுந்து பறிக்க வேண்டும்! பாட்டியும் தாயும் மகளும் மூன்று தலைமுறையாகப் பறித்த கொழுந்து ஒரு துவக்குக்குச் சரி.

ஏழையின் துவக்கு

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். மலைச்சரிவில் மரக்கறி பயிரிடும் ஏழைக்கும், மொனராகலைப் பக்கத்துச் சேனைப் பயிர்க்காரனுக்கும் காட்டுப்பன்றி தீராத பகை. ஒரு வருடப் பாட்டை ஓர் இரவில் கிளறிப் போட்டுவிடும். சட்டப்படி அனுமதிப் பத்திரம் பெற்று நல்ல துவக்கு வாங்க எல்லோருக்கும் வசதியுண்டா? ஆகவே சிலர் ஊர்க் கொல்லன் அடித்த இடியன் துவக்கை நாடினர். வேறு சிலர் அதனினும் கொடிய கட்டுத்துவக்கை மிருகங்களின் பாதையில் மறைத்து வைத்தனர்.

கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. பாதையில் கட்டிய கயிற்றில் கால் இடறுவது பன்றியா, யானைக் கன்றா, விறகு பொறுக்கப் போன தாயா என்று அது அறியாது. அதனால் காலிழந்தவர்களும் உயிரிழந்தவர்களும் இந்நாட்டில் அநேகர். விலை உயர்ந்த துவக்கு யானைக் குலத்தை அழித்தது. விலை மலிந்த துவக்கு ஏழையின் காலைப் பறிக்கிறது.

திருப்பிக் கொடுத்தவர்

துவக்கின் சரித்திரம் முழுவதும் இப்படித்தானா என்று மனம் தளர வேண்டாம். ஊவாவிலேயே வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. 1817இல் ஊவா வெல்லஸ்ஸ மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியை அடக்கும்படி ஆங்கிலேயர் அனுப்பியது ஊவாவின் திசாவையான கெப்பட்டிப்பொலவை. அவரோ தம் மக்களின் பக்கம் சேர்ந்துவிட்டார். சேருமுன் அவர் செய்த காரியமே வியக்கத்தக்கது. ஆங்கிலேயர் தம்மிடம் ஒப்படைத்திருந்த துவக்குகளையும் மருந்தையும் தேசாதிபதிக்கே திருப்பி அனுப்பிவிட்டார். போருக்குப் போகிறவனுக்குத் துவக்கினும் அரிய பொருள் எது? அவற்றை வைத்துக்கொண்டிருந்தால் கேட்பார் யார்? ஆயினும் பகைவனின் பொருளைக் கொண்டு பகைவனோடு பொருதல் நம்பிக்கைத் துரோகம் என்று அவர் கருதினார்.

1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் அவர் சிரம் துண்டிக்கப்பட்டது. கடல் கடந்து எடின்பரோவுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவருடைய மண்டையோடு 1954இல்தான் தாய்நாடு திரும்பியது.

பொருளை விரும்புவதில் பிழையில்லை. நுட்பமான கைத்தொழிலைக் கண்டு வியப்பதும் அழகே. ஆனால் எட்டாத பொருளைக் கனவு காணும்போது அதன் விலைச்சீட்டை மாத்திரம் பாராமல், அதன் பின்னால் யார் சுமந்தார், யார் உழைத்தார், எது மாண்டது என்றும் ஒரு கணம் சிந்திப்போம். துவக்கை எடுத்தவர்களை நினைவுகூரும் ஊவாவில், துவக்கைத் திருப்பிக் கொடுத்தவரின் நினைவும் நம் பிள்ளைகளின் நெஞ்சில் நிலைக்கட்டும்.