லாரி ஓட்டுத் தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட்: கிரீஸ் இடுதலும் பராமரிப்பும்

யுனிவர்சல் ஜாயிண்ட் என்பது ஒரே நேர்கோட்டில் இல்லாத இரண்டு தண்டுகளை இணைத்து, ஒன்றின் சுழற்சியை மற்றொன்றுக்குக் கடத்தும் மூட்டு ஆகும். லாரியில் கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் ஓட்டுத் தண்டின் முனைகளில் இது அமைந்துள்ளது. பட்டறைகளில் இதன் நடுப்பகுதியைக் 'கிராஸ்' என்றும், தண்டை 'ஷாஃப்ட்' என்றும் அழைப்பர். கியர் பெட்டி சட்டத்துடன் பிணைந்தது. பின் அச்சோ பட்டை வில்லின் மேல் ஏறி இறங்குவது. இவ்விரண்டையும் வளையாத தண்டு ஒன்றால் இணைக்க இந்த மூட்டு தேவைப்படுகிறது.

வரலாறு

இத்தகைய மூட்டு 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் ஜெரோலாமோ கார்டானோவின் பெயரால் 'கார்டன் மூட்டு' எனப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இராபர்ட் ஊக் இதன் இயக்கத்தை ஆராய்ந்ததால் 'ஊக் மூட்டு' என்ற பெயரும் உண்டு. மோட்டார் வண்டிகளுக்கு ஏற்ற வடிவத்துக்கு அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903இல் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் பல வண்டிகள் சங்கிலியால் இயங்கின. தண்டும் மூட்டும் சங்கிலியின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தன.

அமைப்பும் இயக்கமும்

கூட்டல் குறி வடிவிலான கிராஸுக்கு நான்கு கைகள் உண்டு. ஒவ்வொரு கையையும் ஒரு கிண்ணம் மூடியிருக்கும். கிண்ணத்துக்குள் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் வரிசையாக நிற்கும். இதுவே ஊசி பேரிங். கிண்ணத்தின் வாயில் உள்ள சீல், கிரீஸை உள்ளேயும் தூசி, நீர் ஆகியவற்றை வெளியேயும் நிறுத்துகிறது.

சாதாரண பேரிங் முழுச் சுற்றாகச் சுழலும். கிராஸின் ஊசிகள் அவ்வாறு சுழல்வதில்லை. தண்டு சாய்ந்துள்ள கோண அளவுக்கு முன்னும் பின்னும் அசைகின்றன. பின் அச்சின் பல் விகிதம் 6 எனவும், சக்கரச் சுற்றளவு 3.3 மீட்டர் எனவும் கொண்டால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் தண்டு நிமிடத்துக்குச் சுமார் 1,800 முறை சுழலும். அத்தனை முறையும் ஊசிகள் அதே சிறு இடத்திலேயே தேய்கின்றன. அந்த இடத்தில் கிரீஸ் வறண்டால் இரும்பு இரும்போடு உரசி, கையில் ஊசிகளின் வரித்தடம் பதியும். தடம் விழுந்த கிராஸை எவ்வளவு கிரீஸ் இட்டாலும் மீட்க முடியாது.

அதிராம்பட்டினம் போன்ற இடங்களில் கூடுதல் கவனம்

தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள அதிராம்பட்டினத்தில் உப்பளங்கள் உள்ளன. உப்பு ஏற்றும் வண்டிகளின் அடிப்பகுதியில் உப்பு நீர் படிவதாலும், உப்புக் காற்றாலும் துரு விரைவாகப் பிடிக்கிறது. சீலின் விளிம்பில் தொடங்கும் துரு, அதன் இரப்பரை அறுத்து உள்ளே வழி திறக்கும்.

டெல்டாவின் நெல் வண்டிகளுக்கு வேறு வகைச் சுமை. சம்பா அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலிருந்து மூட்டை ஏற்றும் லாரிகள் களத்து மேட்டு மண் பாதைகளில் செல்கின்றன. சேற்றில் புதைந்த வண்டியை முதல் கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு இழுத்தால், எஞ்சினின் முறுக்கு விசை பல மடங்காகி ஒரே அடியாகக் கிராஸில் இறங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேங்கிய நீரைக் கடந்தால் கிண்ணத்துக்குள் நீர் புகலாம். அதனால் நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டியைவிட இங்குள்ள வண்டிக்கு அடிக்கடி கிரீஸ் இட வேண்டும். அடிப்படை இடைவெளியைத் தயாரிப்பாளரின் கையேட்டில் காணலாம். தண்டு நீரில் மூழ்கிய பிறகும், அடிப்பகுதியை நீர் பீய்ச்சிக் கழுவிய பிறகும், கணக்கு பார்க்காமல் கிரீஸ் இடுவது நல்லது.

கிரீஸ் இடும் முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும்.
2. கிரீஸ் நிப்பிளைத் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் வெளியிலுள்ள மணல் கிரீஸோடு உள்ளே போகும்.
3. கையேடு கூறும் கிரீஸையே பயன்படுத்த வேண்டும். பெரும்பாலும் அது 2ஆம் எண் தடிப்புள்ள, மிகை அழுத்தம் தாங்கும் லித்தியம் கிரீஸாக இருக்கும். வேறு வகைக் கிரீஸ்களைக் கலந்தால் அவை இளகி வழிந்துவிடலாம்.
4. நான்கு கிண்ணங்களின் சீல் வழியாகவும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை கிரீஸ் கன்னால் அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் வேலை முடியவில்லை. அந்தக் கை வறண்டே இருக்கிறது. தண்டை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே மீண்டும் அடிக்க வேண்டும். அப்போதும் வராவிட்டால் கிராஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.
5. வெளிவரும் பழைய கிரீஸைக் கவனிக்க வேண்டும். பால் நிறம் நீர் புகுந்ததையும், செம்பழுப்புத் தூள் துருவையும் காட்டும்.
6. தண்டின் நீளம் கூடிக் குறைய உதவும் சறுக்கு மூட்டில் தனி நிப்பிள் இருந்தால் அதற்கும் கிரீஸ் இட வேண்டும்.

நிப்பிள் கைக்கு எட்டாத பக்கம் இருந்தால் வண்டியைச் சற்று நகர்த்தி மீண்டும் நிறுத்த வேண்டும். ஒருவர் வண்டிக்கு அடியில் இருக்கும்போது மற்றொருவர் வண்டியை நகர்த்தக் கூடாது. நிப்பிள் இல்லாத, தயாரிப்பிலேயே கிரீஸ் அடைத்து மூடப்பட்ட கிராஸ்களும் உண்டு. அவற்றுக்குச் சோதனை மட்டுமே. பழுதானால் மாற்ற வேண்டும்.

பழுதின் அறிகுறிகள்

முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது 'டக்' என்ற ஒலி, மெதுவாகச் செல்லும்போது கீச்சொலி, குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு, கிண்ணத்தைச் சுற்றிச் செந்தூள் ஆகியவை முக்கிய அறிகுறிகள். கையால் தண்டை மேலும் கீழும் அசைக்கும்போது கிராஸில் ஆட்டம் தெரிந்தால் அதை மாற்ற வேண்டும். அதிர்வுக்குச் சென்டர் பேரிங்கும் காரணமாகலாம் என்பதால் அதையும் சோதிக்க வேண்டும்.

மாற்றும்போது

ஒரு கிண்ணத்தை மட்டும் மாற்றாமல் கிராஸ் முழுவதையும் மாற்ற வேண்டும். சாய்வில் இயங்கும் ஒற்றைக் கிராஸ் சீரான வேகத்தைத் தருவதில்லை. 10 பாகைச் சாய்வில் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 1.5 விழுக்காடு கூடியும் குறைந்தும் வரும். தண்டின் மறுமுனைக் கிராஸ் இதை ஈடுசெய்கிறது. அதற்கு இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். எனவே கழற்றும் முன் சறுக்கு மூட்டின் இரு பாகங்களிலும் சுண்ணக்கட்டியாலோ பெயின்ட்டாலோ கோடிட்டு, அதே கோட்டில் திரும்பப் பொருத்த வேண்டும். தண்டில் பற்றவைக்கப்பட்டுள்ள சமன் எடைத் துண்டுகளை அகற்றக் கூடாது.

தண்டைக் கழற்றிய வண்டி கியரில் போட்டிருந்தாலும் உருளும். சக்கரக் கட்டை இல்லாமல் அந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

கவனிக்காவிட்டால்

ஓடும்போது கிராஸ் உடைந்தால் அறுந்த தண்டு சுழன்று, அருகிலுள்ள பிரேக் காற்றுக் குழாய்களையும் டீசல் தொட்டியையும் தாக்கலாம். முன்முனை கழன்று விழுந்தால் சாலையில் குத்திக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இதைத் தடுக்கவே தண்டைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் பொருத்தப்படுகிறது. அது தளர்ந்துள்ளதா என்பதையும் கிரீஸ் இடும்போதே பார்த்துவிட வேண்டும்.